கண்ணோரப் படலமும் அலட்சியம் என்கிற வியாதியும்

கண்ணுக்கு மருந்து செய்கிற தொழிலில் கண்ணைப் பார்ப்பதைவிட அடுத்தவர் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பதுதான் அதிகம். கைடு வாய் திறக்க வேண்டும், கமிட்டி வாய் திறக்க வேண்டும், ஸ்டோர்காரர் வாய் திறக்க வேண்டும். அதற்குப் பிறகு பொழுது மிச்சம் இருந்தால் கண்.

'டாக்டர் சொன்னதை ஒழுங்காகக் கேட்டிருந்தால் இப்படி ஆகியிருக்குமா' என்று ஒருமுறையாவது திட்டு வாங்கிய சக பாவப்பட்ட ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான். நான் புதுச்சேரியில் மருந்தியல் ஆராய்ச்சி மாணவி. கிளாக்கோமா என்று ஒரு நோய் இருக்கிறது. கண்ணுக்குள் ஊறுகிற நீர் சரியாக வடியாமல் தேங்கி, அழுத்தம் கூடி, பார்வை நரம்பை ஓசைப்படாமல் அரித்துவிடும். வலிக்காது. போன பார்வை திரும்பி வராது. மிச்சம் இருப்பதைக் காப்பாற்ற வேண்டுமானால் தினமும், ஆயுசு முழுக்க, சொட்டு மருந்து விட வேண்டும். தினமும் ஆயுசு முழுக்க மனிதன் தவறாமல் செய்கிற காரியம் மூச்சு விடுவது ஒன்றுதான்; அதுவும் தானாக நடப்பதால். ஆகவே சொட்டு மருந்தையும் தானாக நடக்க வைக்கலாம் என்று இறங்கினோம். அரிசி உமி மாதிரி ஒரு மெல்லிய படலம். அதற்குள் மருந்து. கீழ் இமைக்குள் செருகிவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக, மாதக்கணக்கில், அதுவே கசிந்துகொண்டிருக்கும். யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் கைடுக்கு (பெயர் வேண்டாம், எனக்கு இன்னும் பட்டம் வாங்க வேண்டியிருக்கிறது) இதில் அரை மனசு. மருந்து இல்லாத வெறும் படலத்தை முதலில் சில நோயாளிகளின் ஒரு கண்ணில் மட்டும் வைத்துப் பார்ப்பது, அவர்கள் தங்கள் வழக்கமான சொட்டு மருந்தை நிறுத்தாமல் விட்டுக்கொண்டே வருவது என்று ஏற்பாடு. படலம் கண்ணில் தங்கினால் வேலை தொடரும். தங்காவிட்டால் மதிப்பீட்டுக் குழு இழுத்து மூடிவிடும். நான் கைடின் இன்னொரு திட்டத்துக்குப் போக வேண்டும். அந்தத் திட்டத்தின் பெயர் மூலிகைக் கண்மை. பார்வை போகிறவர்களை விட்டுவிட்டு, பார்க்க லட்சணமாக இருக்கிறவர்களுக்கு மை அரைப்பது. நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

கண்ணீருக்கு இன்டென்ட்

படலத்திலிருந்து மருந்து எப்படிக் கசிகிறது என்று பார்க்க, அதைக் கண்ணீரில் ஊறப்போட வேண்டும். நிஜக் கண்ணீருக்கு எங்கே போவது? உப்பு, சோடா உப்பு, இன்னும் ஒன்றிரண்டு உப்புகளைச் சுத்தமான தண்ணீரில் அளந்து கரைத்தால் செயற்கைக் கண்ணீர். அதற்கு வேண்டிய சாமான்களுக்கு இன்டென்ட், அதாவது சாமான் கேட்கிற சீட்டு, எழுதி ஸ்டோருக்குக் கொண்டுபோனேன். என்ன காரணத்துக்கு என்கிற இடத்தில் 'செயற்கைக் கண்ணீர் தயாரிக்க' என்று தமிழில் எழுதியிருந்தேன். தமிழில் எழுதினால் சீக்கிரம் புரியும் என்கிற தப்பு நம்பிக்கை.

ஸ்டோர்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதை இரண்டு தடவை படித்தார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். மூன்று ஆண்கள் சேர்ந்து சிரிக்கிற அளவுக்கு அதில் என்ன இருந்தது என்று நான் விளக்கம் கேட்டேன். கண்ணீரின் அமில காரத் தன்மை பற்றி ஒரு சின்னப் பிரசங்கமும் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரிம்மா. பி.எச்டி பொண்ணுங்க தானே நீங்க? உங்களுக்குக் கண்ணீர் சொந்தமாவே வருமே, அதுக்குப் போயி இன்டென்ட் போடறீங்க!"

முதல் பந்தி

கண்ணீர் வந்தது. படலத்தை ஊறப்போட்டோம். மாதக்கணக்கில் நிதானமாகக் கசிய வேண்டிய மருந்து, கல்யாண வீட்டு முதல் பந்தி மாதிரி முதல் நாளே அடித்துப் பிடித்து முக்கால்வாசி வெளியே வந்துவிட்டது. அதற்கப்புறம் வந்தவர்களுக்கு வெறும் இலை. இப்படி ஒரே நாளில் கொட்டினால் கண் சிவக்கும், பிறகு பல வாரங்கள் மருந்தே இருக்காது. படலத்தின் மேல் இன்னொரு பூச்சு கொடுத்துப் பார்க்கலாம், அவகாசம் வேண்டும் என்று கைடிடம் போய் நின்றேன்.

அவர் வரைபடத்தை வாங்கி, முதல் நாள் செங்குத்தாக ஏறியிருந்த கோட்டைத் தன் கட்டை விரலால் மறைத்தார். தலையைச் சாய்த்து மிச்சத்தைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. விரலை எடுத்துவிட்டு அந்த முதல் நாளைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் விரலை எடுக்கவில்லை. "இந்த முதல் நாள மட்டும் எடுத்துட்டுப் போட்டா, கிராஃப் நல்லாத்தானம்மா இருக்கு?" என்றார்.

விட்டுப்போன ஓர் இடைவெளி

கைடின் விரலை நம்பாமல் பூச்சையே மாற்றி மாற்றிப் பார்த்து, ஒரு வழியாகக் கசிவு நிதானத்துக்கு வந்தது. அடுத்து நோயாளிகள். எங்களோடு சேர்ந்திருந்த கண் மருத்துவமனை அரியாங்குப்பத்தில் ஒரு முகாம் போட்டது. வாசலில் பெரிய பிளெக்ஸ். கிளாக்கோமாவுக்குத் தமிழில் 'கண் நீர் அழுத்த நோய்' என்று பெயர். கண்ணுக்கும் நீருக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. அச்சடித்த புண்ணியவான் அந்த இடைவெளியை விழுங்கி, புணர்ச்சி இலக்கணமும் சரியாகப் போட்டு, 'கண்ணீர் அழுத்த நோய்' என்று ஆளுயர எழுத்தில் அடித்துவிட்டார். மருத்துவமனைக்காரர்களிடம் மாற்றச் சொன்னேன். யாருக்கு இது தெரியப்போகிறது என்றார்கள்.

எல்லோருக்கும் தெரிந்தது. அழாமல் அடக்கி வைத்தால் கண்ணீர் உள்ளே தேங்கி வருகிற நோய் என்று வரிசையில் இருந்த பெண்கள் தாங்களாகவே முடிவு கட்டிவிட்டார்கள். இது வேறு நீர், கண்ணுக்கு உள்ளே ஊறுவது, அழுகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று ஆள் ஆளாகப் போய் வாதாடினேன். யார் கேட்கிறார்கள்? அந்த வரிசையில்தான் கமலா அக்காவைப் பார்த்தேன். தையல் கம்பெனியில் காலர் வைக்கிறவர். பரிசோதனையில் அவருக்கு இரண்டு கண்ணிலும் நோய் என்று வந்தது. அக்கா முகத்தில் ஒரு சலனமும் இல்லை. சரி என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டார். கூட வந்திருந்த அவருடைய நாத்தனார் தனம் என் தோளில் தட்டி, "பாத்தியா பாப்பா, இப்பக்கூட அழல. சரியான அழுத்தக்காரி. அதான் மொத்தமும் கண்ணுல ஏறி நிக்குது" என்றார்.

திமிர்

கிளாக்கோமாவில் முதலில் போவது பக்கவாட்டுப் பார்வை. நேரே இருப்பது நன்றாகத் தெரியும். ஊசியில் நூல் கோக்கலாம், பஸ் நம்பர் படிக்கலாம். பக்கத்தில் நிற்கிறவர் மட்டும் இருக்க மாட்டார். கமலா அக்கா விஷயத்தில் இது கொஞ்ச காலமாகவே நடந்திருக்கிறது. கதவு நிலையில் தோள் இடிப்பது, ஓரத்தில் வைத்த தம்ளரைத் தட்டிவிடுவது. வீட்டில் கவனம் போதவில்லை என்று ஏச்சு. அக்காவும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

முகாமுக்குப் பிறகு அவர் மருத்துவமனைக்கு வந்தபோது, எழுதிக் கொடுத்த சொட்டு மருந்தை ஒழுங்காக விடுகிறாரா என்று கேட்டேன். "காலைல விட்டுடறேன். சாயந்தரம் வந்தா மீன் கழுவணும், மொளகா அரைக்கணும், அந்தக் கையோட கண்ணத் தொட முடியுமா? கை கழுவிட்டு வரலாம்னா அதுக்குள்ள மறந்து பூடும்" என்றார். இதை விடவா நியாயமான காரணம் வேண்டும்? எங்கள் படலம் பிறந்ததே இந்த மிளகாய்க் கைக்காகத்தான். ஒரு கண்ணில் வெறும் படலம் வைத்துக்கொள்ள உடனே சம்மதித்தார். அவரைப் பஸ் ஏற்றிவிட நின்றபோது, அவர் தெருக்காரப் பெண் ஒருத்தி இடதுபக்கம் வந்து சிரித்தாள். அக்கா திரும்பவில்லை. பஸ் போனதும் அவள் என்னிடம் பொருமினாள். விளக்கலாம் என்று வாய் எடுப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டாள்: "சிரிக்கக்கூட மாட்டா. அவ்ளோ திமிரு. நாங்கள்லாம் பக்கத்துல நின்னாகூட அவ கண்ணுக்குத் தெரிய மாட்டோம்."

வலது கண் பிரான்சுக்கு

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா மருத்துவமனைக்கு வருவார். இஸ்திரி போட்ட சட்டை, மடிப்புக் கலையாத கைக்குட்டை, தன் வியாதியைப் பற்றி எல்லோரையும்விடத் தனக்கு அதிகம் தெரியும் என்கிற நிமிர்வு. அவரிடம் படலத்தைக் காட்டினேன். இடுக்கியை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, எந்த ஊரில் செய்தது என்று கேட்டார். இங்கேதான், நான்தான் என்றேன். படலத்தைப் பார்த்த அதே பார்வையை என் மேல் திருப்பினார்.

நான் விடுவேனா? பிரான்சில் செய்கிறவர்களுக்கும் இரண்டு கைதான், அவர்கள் கரைக்கிற உப்பும் இதே உப்புதான், நம் ஊர் ஆள் செய்தால் மட்டும் ஏன் சந்தேகம் என்று பொரிந்தேன். நர்ஸ் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்தாள். சொல்தா அசரவில்லை. ஒரு கண்ணில்தான் வைப்போம் என்று நான் சொன்ன பிறகுதான் யோசித்தார். கைக்குட்டையால் வலது கண்ணைப் பொத்திக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். கல்யாணமாகாத பெண்ணைப் பிரெஞ்சுக்காரர்கள் கூப்பிடுகிற மாதிரி என்னைக் கூப்பிட்டார். "சரி, மத்மொசெல். எடது கண்ணு ஒனக்கு. வலது கண்ணு பிரான்சுக்கு. எது மிஞ்சுதுன்னு பாப்போம்."

விற்பனைக்கு ஆகாதது

துறைக்கு ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் வந்தார். எங்கள் வேலையில் பங்கெடுக்க முடியுமா என்று பார்க்க வந்தவர். ஒருமுறை வைத்தால் மாதக்கணக்கில் சொட்டு மருந்தே வேண்டாம் என்று நான் பெருமையாகச் சொல்லச் சொல்ல, அவர் முகம் சுருங்கிக்கொண்டே வந்தது. தேநீரை முடித்துவிட்டு எழுந்தார். "நல்ல ஐடியாதான் மேடம். ஆனா மாசா மாசம் பாட்டில் வாங்க வர்றவர கடைக்கே வரவேணாம்னு சொல்றீங்களே!"

தொடாதே

படலங்கள் காணாமல் போக ஆரம்பித்தன. நோயாளி மறுபடி வருவார், இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் ஒன்றும் இருக்காது. தேய்த்தீர்களா? இல்லை. தொட்டீர்களா? இல்லவே இல்லை. சத்தியம் செய்யாத குறை. ஒருவர் பாக்கியில்லாமல் ஒரே பதில். பொய் சொல்கிறார்கள் என்று மருத்துவமனையில் சிரித்தார்கள். குழுவுக்குக் கொடுக்கிற அறிக்கையில் காரணம் எழுத வேண்டிய இடத்தில், கைடு யோசிக்கவே இல்லை, 'நோயாளிகளின் அலட்சியம்' என்று எழுதச் சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கமலா அக்காவை எனக்குத் தெரியும். பொய் சொல்கிற ஆள் இல்லை. சொல்ல வேண்டியதைக்கூடச் சொல்லாத ஆள். அவருக்குப் புதிதாக ஒரு படலம் வைத்த மறுநாள் காலையில், ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பாலம் தாண்டி அரியாங்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன்.

அக்கா அப்போதுதான் எழுந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். தனம் எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தார். போகிற போக்கில் அக்காவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, முந்தானை நுனியைத் திரியாகத் திரித்து, கண் ஓரத்தில் ஒரு சுழற்று சுழற்றி எடுத்தார். அவ்வளவுதான். முந்தானையில் என் படலம். கண் ஈரத்தில் ஊறினால் அது வெளுத்துப்போகும். இமை ஓரத்தில் எட்டிப் பார்க்கும்போது அசல் பூளை மாதிரி இருக்கும். இது எனக்கு ஆய்வகத்தில் தெரியவில்லை, ஏனென்றால் ஆய்வகத்தில் யாரும் யாருக்கும் பூளை துடைத்து விடுவதில்லை. வீட்டில் துடைப்பார்கள். வெளியே கிளம்புகிறவள் கண்ணில் பூளையோடு போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள்? பிறகு சொல்தா வீட்டுக்கும் இன்னும் சில வீடுகளுக்கும் போய் விசாரித்தேன். அவர் மனைவி ஈரத் துண்டால் துடைத்திருக்கிறார், இன்னொரு வீட்டில் மகள் பஞ்சால். துணிதான் மாறியதே தவிர, கதை ஒன்றுதான்.

ஆனால் அந்தக் காலையில் எனக்கு இதெல்லாம் நிதானமாக யோசிக்க வரவில்லை. கண்ணைத் தொடக் கூடாது என்று அத்தனை தடவை சொல்லியும் இப்படிச் செய்யலாமா என்று தனத்திடம் கத்திவிட்டேன். அக்கா முந்தானையில் ஒட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, "மருந்து இல்லாததுக்கே வீட்டு வாசல்ல வந்து காவல் நிக்குற, மருந்தோட வெச்சா போலீசே போடுவ போல" என்று சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். தனம் சிரிக்கவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீ இன்னா சொன்ன? அவள தொடக் கூடாதுன்னு சொன்ன. அவ தொட்டாளா? தொடல. நான்தான தொட்டேன்!"

பலூன்

காரணம் தெரிந்துவிட்டது. தீர்வும் சுலபம். படலத்துக்கு லேசாக நீலம் ஏற்றிவிட வேண்டும். நீல நிறத்தில் யாருக்கும் பூளை தள்ளாது. கூடவே, நோயாளி மட்டுமல்ல, வீட்டில் வேறு யாரும் தொடக் கூடாது என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓடிப்போய்க் கைடிடம் சொன்னேன். அறிக்கையில் அந்த 'அலட்சியம்' என்கிற வார்த்தையை எடுத்துவிடலாம் என்றும் சொன்னேன். எடுக்க முடியாது என்றார். எல்லா அறிக்கையிலும் அப்படித்தான் எழுதுவார்களாம். எல்லோரும் எழுதுவதால் அது உண்மையாகிவிடுமா என்று கேட்டேன். அவர் மேஜையிலிருந்த காகிதங்களை அடுக்க ஆரம்பித்தார். போகலாம் என்று அர்த்தம்.

நான் போகவில்லை. மருந்துக் கடையில் சிவப்பு மாத்திரை, மஞ்சள் மாத்திரை, பச்சையும் வெள்ளையுமாகக் கேப்ஸ்யூல் எல்லாம் இருக்கலாம், கண்ணுக்குள் மட்டும் நிறம் கூடாதா, கண்ணுக்குப் போடக்கூடிய பாதுகாப்பான நீலம் இருக்கிறதே என்று அடுக்கினேன். கண்மை கறுப்பாக இல்லாமல் கண்ணாடி மாதிரியா இருக்கப்போகிறது என்று ஒரு குத்தலும் சேர்த்துக்கொண்டேன். அது வேலை செய்யவில்லை. அவர் ரொம்பவும் வருத்தப்பட்ட குரலில், என் எதிர்காலத்தைப் பற்றிக் கவலைப்படுகிறவர் மாதிரிச் சொன்னார்: "கலர் போட்டா கமிட்டில சீரியஸா எடுத்துக்க மாட்டாங்கம்மா. நாம என்ன பலூனா செய்யறோம்?"

ஆளுக்கொரு சொட்டு

மதிப்பீட்டுக் குழு கூடியது. தலைவராக ஓய்வு பெற்ற பேராசிரியர் ஒருவர். வெளியிலிருந்து ஒரு கண் நிபுணர். எங்கள் கைடு. அறிக்கையில் கைடு எழுத வைத்த 'அலட்சியம்' அப்படியே இருந்தது. என்னைப் பேசச் சொன்னார்கள். படலம் அலட்சியத்தால் போகவில்லை ஐயா, அக்கறையால் போனது என்று ஆரம்பித்து, முந்தானை, ஈரத் துண்டு, பஞ்சு எல்லாவற்றையும் சொன்னேன். நீல நிறத்தோடு இன்னொரு சுற்று கொடுங்கள் என்று கேட்டேன். கைடு ஜன்னலைப் பார்த்தார். கண் நிபுணர் சிரித்துவிட்டு, இதெல்லாம் எதற்கு, சொட்டு மருந்து இருக்கிறது, விட வேண்டியதுதானே, ஒரு சொட்டு விடுவதற்குக்கூட ஒழுக்கம் இல்லாதவர்களுக்கு எதைச் செய்து கொடுத்தும் பிரயோசனம் இல்லை என்றார். தலைவர் தலையாட்டினார். மூடுவதற்குப் பேனா திறந்தாயிற்று. எனக்குக் கமலா அக்கா ஞாபகம் வந்தது. மிச்சம் இருக்கிற வட்டத்துக்குள் ஊசி கோத்துக்கொண்டிருக்கிற அக்கா. வட்டம் சுருங்கிக்கொண்டிருக்கும்போது இங்கே ஒழுக்கம் பற்றிப் பேச்சு.

எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வந்த சீல் பிரிக்காத பாட்டில்கள் என் கைப்பையில் இருந்தன. கண் வறட்சிக்குப் போடுகிற சாதாரணச் சொட்டு, மருந்தே கிடையாது. மேஜையில் ஆளுக்கொன்றாக வைத்தேன். "சார், கண்ணாடியக் கழட்டிட்டு, யார் உதவியும் இல்லாம, ஒரு கண்ணுல ஒரே ஒரு சொட்டு. அவ்வளவுதான். நோயாளிங்க தெனம் செய்யறது" என்றேன். மறுக்க முடியாது. மறுத்தால் முடியாது என்று ஒப்புக்கொண்ட மாதிரி. தலைவர் முகத்தைத் தூக்கி, வாயைத் திறந்துகொண்டு (எல்லோரும் ஏன் வாயைத் திறக்கிறார்கள் என்பது தனி ஆராய்ச்சி) பிதுக்கினார். சொட்டு புருவத்தில் விழுந்து காதுப் பக்கம் போயிற்று. கைடு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இமை மேல் விட்டுக்கொண்டார். இரண்டு மூன்று சொட்டு. கண் நிபுணர் ஊரார் கண்ணில் எல்லாம் காலமெல்லாம் விட்டவர். அவர் கை நடுங்கவே இல்லை. நேராகத் தன் மீசையில் விட்டுக்கொண்டார்.

மூவரும் கைக்குட்டையை எடுத்துத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு தலைவர் அறிக்கையைத் தன் பக்கம் இழுத்து, 'அலட்சியம்' என்கிற வார்த்தையின் மேல் ஒரு கோடு போட்டார். நீலப் படலத்தோடு இன்னொரு சுற்று நடத்தலாம், வீட்டாருக்கும் சேர்த்து விளக்கம் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்மை பற்றி யாரும் மூச்சு விடவில்லை. கைடு வெளியே வரும்போதே நீலத்தில் எந்த நீலம் என்று என்னோடு தீவிரமாக விவாதிக்க ஆரம்பித்துவிட்டார். நான் மேஜையில் கிடந்த பாட்டில்களை எடுக்கத் திரும்பி வந்தபோது, கண் நிபுணர் இன்னும் மீசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தன் பாட்டிலை மட்டும் தனியாக எடுத்து, அதன் மூக்கைத் திருகி, சந்தேகமாகப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். "பாட்டில் சரியில்லம்மா. அடுத்த தடவ நல்ல பாட்டிலாப் பாத்து வாங்கு."

ஆக, இத்தனை காலம் கண் மருந்தோடு மல்லுக்கட்டி நான் உருப்படியாகக் கண்டுபிடித்தது, சொட்டு நோயாளியின் கன்னத்தில் வழிந்தால் அதற்குப் பெயர் அலட்சியம், நிபுணரின் மீசையில் வழிந்தால் பாட்டில் கோளாறு என்பதுதான்.